பழக்கூடை டைல்ஸுக்குப் பின்னால் ஒரு வரலாறு



உங்கள் சமையலறை மேடைக்கு மேலே இருக்கும் சுவரை ஒருமுறை பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில் 8க்கு 12 அங்குல டைல்ஸ். நடுநடுவே ஆப்பிளும் திராட்சையும் நிரம்பிய ஒரு பழக்கூடை, அல்லது ஒரு தேநீர்க் கெண்டி. இருபது வருடங்களுக்கு முன் சாவி வாங்கிய நம் எல்லோர் வீட்டிலும் பில்டர் ஒட்டிக் கொடுத்தது இதுதான். அந்தத் திராட்சையின் மேல் தெறித்த தாளிப்பு எண்ணெயை அன்றிலிருந்து துடைத்துக்கொண்டே இருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் நம் குடியிருப்பில் ஓர் இளம் தம்பதி அந்தப் பழக்கூடைக்கு விடை கொடுத்தார்கள். கொத்தனார் யாரையும் வைக்கவில்லை. கணவனும் மனைவியுமாக நான்கு வார இறுதிகளில் பழைய டைல்ஸைப் பெயர்த்து, புதியதைத் தாங்களே ஒட்டி முடித்தார்கள். விஷயம் லிஃப்டிலும் வாட்ஸ்ஆப்பிலும் பரவியது. பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். சங்கச் செயலாளர், "இதைப் பற்றி நம் இதழுக்கு எழுதுங்கள் சார்" என்றார்.

அவர்கள் செய்ததை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் வேலையை ஆரம்பிக்கும் முன் அந்தப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அங்கிள், இந்த டைல்ஸ் இத்தனை வருஷமா சுவத்துல எதனால நிக்குது?" வங்கியில் வீட்டுக்கடன் கோப்புகளோடு வரும் எஸ்டிமேட்டுகளை வருடக்கணக்கில் பார்த்தவன் நான். "சுவருக்கு டைல்ஸ் பதித்தல், இத்தனை சதுர அடி" என்ற வரியை எத்தனையோ தடவை படித்திருப்பேன். அது எதனால் நிற்கிறது என்று ஒரு கடன்காரரும் எழுதியதில்லை, ஒரு மேலாளரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் நம் சுவர்களில் டைல்ஸ் ஏன் பெயர்கிறது என்பதும் புரிந்துவிடும்.

பொங்கல் வெள்ளையும் டைல்ஸும்

நம்மில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு டைல்ஸ் இல்லாத சமையலறை நன்றாக நினைவிருக்கும். தரையில் அடுப்பு, விறகு அல்லது வரட்டி, கண்ணெரிச்சல், ஊதுகுழல். சுவர் சுண்ணாம்புச் சுவர். கரிப்புகை ஏறி ஏறி அடுப்பு மூலை மட்டும் கறுத்திருக்கும். அதற்கு வருடம் ஒருமுறை தீர்வு இருந்தது. பொங்கலுக்கு முன் வீடு முழுக்க வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் நீலம் சேர்த்து, மட்டை கொண்டு அடித்தால் ஒரு வருடத்துக் கரி மறைந்துவிடும். அடுத்த நாளிலிருந்து மறுபடியும் கறுக்கத் தொடங்கும்.

வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு இது கணக்கு மொழியில்தான் தோன்றுகிறது. வெள்ளையடிப்பது வருவாய்ச் செலவு. வருடா வருடம் வரும், சிறிய தொகை, வீட்டு ஆட்களே செய்துகொள்ளலாம். டைல்ஸ் ஒட்டுவது மூலதனச் செலவு. ஒரே முறை பெரிய தொகை, பிறகு துடைத்தால் போதும். ஆனால் எந்த மூலதனச் சொத்துக்கும் தேய்மானம் உண்டு. நாம் டைல்ஸுக்கு மட்டும் தேய்மானம் எழுத மறந்துவிட்டோம். "ஒட்டியாச்சு, இனி ஆயுசுக்கும் இருக்கும்" என்று நம்பிவிட்டோம்.

களிமண்ணுக்குப் பளபளப்பு வந்த கதை

பளபளப்புப் பூச்சுக் கொடுத்த ஓடுகளைச் சுவரில் பதிக்கும் வழக்கம் மிகவும் பழையது. எகிப்தில் சக்காரா என்ற இடத்தில் உள்ள ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடுக்கு வயது ஏறத்தாழ 4,600 ஆண்டுகள். அதன் நிலத்தடி அறைகளின் சுவர்களில் நீல நிறச் சிற்றோடுகளை ஆயிரக்கணக்கில் பதித்திருக்கிறார்கள். அது மன்னனின் கல்லறை. சாமானியர் வீட்டுச் சமையலறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டுக்குள் அடுப்படி வரை டைல்ஸைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள். டெல்ஃப்ட் பாணியில் வெள்ளையில் நீலச் சித்திரம் தீட்டிய சிறிய ஓடுகளைக் கணப்படுப்பைச் சுற்றியும், சுவரின் அடிப்பகுதியிலும், சமையலறையிலும் ஒட்டினார்கள். அழகுக்காக மட்டும் ஒட்டியதல்ல. ஈரம் மிகுந்த அந்த நாட்டில் சுண்ணாம்புச் சுவரின் அடிப்பகுதி சீக்கிரம் உதிரும். ஓடு ஒட்டினால் ஈரத்திலிருந்தும் துடைப்பத்திலிருந்தும் சுவருக்குப் பாதுகாப்பு. ஆனால் ஒவ்வொரு ஓடும் கையால் செய்து, கையால் வரைந்தது. எனவே வசதியான வீடுகளுக்கே அது கட்டுப்படியானது.

விலை இறங்கக் காரணமானது 1840-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பிராசர் வாங்கிய ஒரு காப்புரிமை. ஈரக் களிமண்ணுக்குப் பதிலாக, ஏறக்குறைய உலர்ந்த களிமண் பொடியை அச்சில் வைத்து அழுத்தி வடிவம் கொடுக்கும் முறை அது. பிராசர் அதைச் சட்டைப் பொத்தான் செய்யத்தான் கண்டுபிடித்தார். ஹெர்பர்ட் மின்டன் என்ற பீங்கான் உற்பத்தியாளர், இதில் ஓடு செய்யலாமே என்று பங்கு வாங்கினார். ஈரக் களிமண் காயும்போது சுருங்கும், கோணும். பொடியில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. எல்லா ஓடுகளும் ஒரே அளவில் வந்தன. இன்றைக்கு குஜராத்தில் மோர்பி நகரத்துத் தொழிற்சாலைகளில் மாபெரும் இயந்திரங்கள் அழுத்துவதும் அதே பொடியைத்தான். உங்கள் வீட்டுப் பழக்கூடைக்கு மூதாதை ஒரு சட்டைப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தது கிருமி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாஸ்டர், காக் போன்றவர்களின் ஆய்வுகளால், நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் என்பது நிலைபெற்றது. அதன் பிறகு மருத்துவமனை, பால் பண்ணை, இறைச்சிக் கடை, குளியலறை, சமையலறை எல்லாம் வெள்ளை டைல்ஸுக்கு மாறின. வெள்ளையில் அழுக்கு உடனே கண்ணில் படும், துடைத்தால் போய்விடும். 1904-ல் நியூயார்க் சுரங்க ரயில் திறந்தபோது நிலையச் சுவர்களில் 3க்கு 6 அங்குல வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள். கட்டடக் கலைஞர்கள் ஹெய்ன்ஸும் லா ஃபார்ஜும். இன்றும் கடைகளில் "சப்வே டைல்ஸ்" என்று விற்பது அதைத்தான்.

சமையலறையின் வடிவமும் அந்தக் காலத்தில்தான் மாறியது. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சிக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வடிவமைத்தார். ஏறத்தாழ 6 அடி அகலம், 11 அடி நீளம். நின்றபடி சமைக்க மேடை, அதன் மேல் அலமாரி, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம். சுமார் 10,000 வீடுகளில் அதை அமைத்தார்கள். நம் அடுக்குமாடிச் சமையலறைகளின் அளவைப் பார்த்தால் அந்த உறவு புரியும்.

நம் ஊருக்கு வந்த வழி

நான் காரைக்குடியில் மூன்று வருடம் பணியாற்றினேன். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் சுவரில் பதித்த வண்ணப் பீங்கான் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல ஜப்பானிலிருந்து வந்தவை. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஜப்பானிய ஆலைகள் இந்தியச் சந்தைக்கென்றே சாமி படங்கள் போட்ட ஓடுகளையும் செய்து அனுப்பின. ஆனால் அவை மற்றவர் கண்ணில் படும் இடங்களுக்குத்தான். அதே வீட்டின் பின்கட்டில் இருந்த அடுப்படிக்குச் சுண்ணாம்பும் புகையும்தான்.

தரைக்கு வந்தது ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின்பக்கம் கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளை கிடையாது, சுடுவதும் கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடும். இந்த வகைச் சிமெண்ட் ஓடு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் பிறந்தது. பம்பாயில் 1922-ல் சித்வா சகோதரர்கள் பாரத் டைல்ஸ் நிறுவனத்தைச் சுதேசி உணர்வோடு தொடங்கியதும் இதே வகை ஓடுகளுக்காகத்தான்.

பளபளப்பான சுவர் டைல்ஸ் இந்தியாவிலேயே பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது சுதந்திரத்துக்குப் பிறகுதான். இங்கிலாந்தில் 1901-ல் தொடங்கிய எச் அண்ட் ஆர் ஜான்சன் நிறுவனம் 1958-ல் இங்கே வந்தது. அதன் பிறகு வெகுகாலம் எந்தக் கம்பெனி சரக்காக இருந்தாலும் பலர் "ஜான்சன் டைல்ஸ்" என்றே சொல்லிவந்தார்கள். அப்போதும் அது மருத்துவமனைக்கும் ஓட்டல் குளியலறைக்கும் உரிய பொருள் என்ற எண்ணம்தான் இருந்தது.

சமையலறைக்குள் அதைக் கூட்டிவந்தது எரிவாயு என்பது என் கருத்து. பம்பாயில் 1950-களில் பர்ஷேன் சிலிண்டர் வந்தது. 1960-களின் நடுவில் இண்டேன் வந்தது. சிலிண்டர் வந்த வீட்டில் உட்கார்ந்து சமைப்பது நின்றது. மேடை எழுந்தது. கரி போய் எண்ணெய்ப் பிசுக்கு வந்தது. கரியைச் சுண்ணாம்பு மறைக்கும். எண்ணெயின் மேல் சுண்ணாம்பு நிற்காது. ஆக, மேடைக்கு மேல் 2 அடி உயரத்துக்காவது துடைக்கக்கூடிய சுவர் தேவைப்பட்டது. 1980-களுக்குப் பிறகு நான் பார்த்த எஸ்டிமேட்டுகளில் "சமையலறை மேடைக்கு மேல் 2 அடிக்கு டைல்ஸ்" என்ற வரி தவறாமல் இருந்தது. நம் குடியிருப்பும் அந்த வழியில் வந்ததுதான்.

டைல்ஸ் மாறியது, ஒட்டும் முறை மாறவில்லை

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். டைல்ஸ் எதனால் நிற்கிறது?

சுவருக்கான பழைய பீங்கான் டைல்ஸின் முன்பக்கம்தான் கண்ணாடிப் பூச்சு. பின்பக்கம் சுட்ட மண், நிறையத் தண்ணீர் குடிக்கும். தர விதிகளின்படி, தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சுவதைத்தான் சுவர் டைல்ஸ் வகையில் சேர்க்கிறார்கள். கொத்தனார் அதை முதல் நாளே வாளித் தண்ணீரில் ஊறப்போடுவார். ஊறவைக்காவிட்டால் அது கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகுவதற்குத் தண்ணீர் இருக்காது. ஊறிய டைல்ஸின் பின்னால் சிமெண்ட் பால் தடவி, கலவை அப்பி, சுவரில் வைத்து, கரணைப் பிடியால் தட்டுவார். சிமெண்ட் பால் அந்த நுண்துளைகளுக்குள் நுழைந்து இறுகும். அந்தப் பிடியில்தான் டைல்ஸ் நிற்கிறது.

1990-களில் விட்ரிஃபைடு டைல்ஸ் நம் சந்தைக்கு வந்தது. அது 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. நுண்துளைகளே இல்லை என்று சொல்லலாம். கறை படியாததற்கும் உறுதிக்கும் அதுதான் காரணம். ஆனால் துளை இல்லாத இடத்தில் சிமெண்ட் பால் எதைப் பிடிக்கும்? டைல்ஸும் பெரிதாகிக்கொண்டே போனது. 8க்கு 12 போய் 12க்கு 18, பிறகு 2 அடிக்கு 4 அடி. பெரிய டைல்ஸுக்கு நடுவில் ஒன்று, நான்கு மூலைகளில் நான்கு என்று கலவை உருண்டை வைத்து ஒட்டும் வழக்கமும் பரவியது. உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம். விரலால் தட்டினால் 'டொக் டொக்' என்று கேட்கும். இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டினால் வெயிலில் விரிய இடமில்லை. ஒருநாள் சத்தத்தோடு எழும்பும், அல்லது மூலை உடையும்.

இதற்குத் தீர்வு அமெரிக்காவில் 1950-களிலேயே கிடைத்துவிட்டது. ஹென்றி ராத்பர்க் என்ற வேதிப் பொறியாளர், சிமெண்டோடு ரப்பர் பால் போன்ற பொருளைச் சேர்த்து மெல்லிய பசை ஒன்றை உருவாக்கி, 1956-ல் லேட்டிகிரீட் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே காலத்தில், கலவையின் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் பொருள்களையும் மற்றவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். இந்தப் பசைக்கு டைல்ஸை ஊறவைக்க வேண்டாம். முக்கால் அங்குலக் கலவைக்குப் பதில் 3 மில்லிமீட்டர் போதும். பல் வெட்டிய கரணையால் கோடு கோடாகப் பரப்பி டைல்ஸை அழுத்தினால் முதுகு முழுவதும் பிடிக்கும்.

நம் கொத்தனார்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் கற்ற முறை, அவர்கள் கற்ற காலத்து டைல்ஸுக்கு முற்றிலும் சரியான முறை. கைக்கு வந்த பொருள் மாறியபோது அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பசைக்கு ஆகும் கூடுதல் செலவை நாமும் பல வீடுகளில் வேண்டாமென்று சொன்னோம்.

தாங்களே செய்வது யாருடைய வழக்கம்?

ஒட்டுவது எளிதானதும் மேல்நாடுகளில் குடும்பங்கள் தாங்களே செய்ய ஆரம்பித்தன. போருக்குப் பிறகு சொந்த வீடுகள் பெருகின, கூலி உயர்ந்தது, விடுமுறை கூடியது. அமெரிக்காவின் டைம் பத்திரிகை 1954 ஆகஸ்டில் இதையே அட்டைப்படக் கட்டுரையாக்கியது. பிரிட்டனில் 1955-லிருந்து பிராக்டிகல் ஹவுஸ்ஹோல்டர் என்ற மாத இதழ் வந்தது. 1962-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் பாரி பக்னெல் ஒரு பழைய வீட்டை வாரா வாரம் புதுப்பித்துக் காட்டினார்.

நம் நாட்டில் அந்த வழக்கம் வரவில்லை. கூலி குறைவு, கொத்தனார் அடுத்த தெருவிலேயே இருந்தார், கரணை பிடிப்பதைப் படித்தவர்கள் தங்கள் வேலையாக நினைக்கவில்லை. இன்று நிலைமை வேறு. கட்டி முடிக்காத பெரிய கட்டடங்கள் எங்கும் இருக்க, நம் வீட்டு 28 சதுர அடிக்கு யார் வருவார்கள்? அந்தத் தம்பதி மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருவர், "சின்ன வேலை சார்" என்றார்கள். ஒருவர் தீபாவளி கழித்து வருவதாகச் சொன்னார். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை.

அந்தத் தம்பதி செய்தது

முதல் வார இறுதியில் அவர்கள் எதையும் உடைக்கவில்லை. மேடைக்கு மேல் இருந்த 42 டைல்ஸையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சத்தம் மாறிய இடத்தில் சாக்பீஸால் குறி போட்டார்கள். 17 டைல்ஸ் வெற்றொலி கொடுத்தன. பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்ட இப்போது தனிப் பசை கிடைக்கிறது. ஆனால் அடியில் இருப்பதே நிற்காதபோது அதன் மேல் இன்னொரு சுமை கூடாது என்று எல்லாவற்றையும் எடுக்க முடிவு செய்தார்கள். மிக்ஸி பாயிண்டுக்கான மின்கம்பி எந்த வழியாக வருகிறது, குழாய்க்கான பைப் எங்கே என்று சுவரில் கோடு போட்டுக்கொண்டார்கள். சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். கீழ் வீட்டில் உடல்நலமில்லாத பெரியவர் இருப்பதால் அவரைக் கேட்டு, காலை 10 முதல் 1 வரை என்று நேரம் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வாரம் உடைப்பு. மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் வால்வை மூடி, கிரானைட் மேடையின் மேல் பழைய கம்பளியும் பிளைவுட்டும் விரித்து, கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, வெற்றொலி கொடுத்த டைல்ஸிலிருந்து உளியால் பெயர்க்க ஆரம்பித்தார்கள். முகக்கவசம் அலங்காரத்துக்கல்ல. டைல்ஸிலும் கலவையிலும் உள்ள சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. அதனால்தான் டைல்ஸ் வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும். பெயர்த்த டைல்ஸும் பழைய கலவையும் நூறு கிலோவைத் தாண்டின. சிறு சிறு மூட்டையாகக் கட்டி, சங்கம் காட்டிய இடத்தில் வைத்தார்கள். 2016-ஆம் ஆண்டு கட்டடக் கழிவு விதிகள் வந்த பிறகு, இடிபாட்டைக் குப்பைத் தொட்டியில் கொட்டுவது தவறு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அன்று மாலையே சுவரில் உதிர்ந்திருந்த பூச்சைச் சரிசெய்து, ஒரு வாரம் தண்ணீர் தெளித்துக் காயவிட்டார்கள்.

டைல்ஸ் கணக்கை அந்தப் பெண் ஒரு தாளில் போட்டிருந்தார். எனக்குப் பிடித்த பகுதி இது. 'எல்' வடிவ மேடை, ஒரு பக்கம் 8 அடி, மறுபக்கம் 6 அடி, உயரம் 2 அடி. மொத்தம் 28 சதுர அடி. 12க்கு 18 அங்குல டைல்ஸ் ஒன்று ஒன்றரைச் சதுர அடி. ஆக 19 டைல்ஸ். சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 21. பெட்டிக்கு 6 வீதம் 4 பெட்டி, 24 டைல்ஸ். பசை 20 கிலோ மூட்டை ஒன்று. ஐ.எஸ். 15477 என்ற தரக் குறியீடும், அதில் எந்த வகை என்பதும் மூட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினார்கள். கடையில் டைல்ஸின் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டும் பார்த்தார்களாம். உறிஞ்சினால் சுவர் டைல்ஸ், அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. வேறு சாதனம் தேவையில்லை.

மூன்றாவது வாரம் ஒட்டும் வேலை. அந்தப் பெண் ரசமட்டமும் நூலும் பிடிக்க, அவர் பசை கலந்தார். ரசமட்டம் வைத்ததும் ஒன்று தெரிந்தது. மேடை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தொட்டிப் பக்கம் தண்ணீர் ஓடுவதற்காகக் கொடுத்த வாட்டம் அது. மேடையை நம்பி முதல் வரிசையை வைத்திருந்தால் எல்லா வரிசையும் சாய்ந்திருக்கும். சுவரில் மட்டக்கோடு அடித்து அதன்படி ஒட்டி, மேடையோடு சேரும் இடைவெளியைப் பிறகு சிலிகானால் அடைத்தார்கள்.

நம் காவலாளியின் மாமனார் ஓய்வுபெற்ற கொத்தனார். வேடிக்கை பார்க்க வந்தவர், "அழுத்தாதீங்கம்மா, கொஞ்சம் நெளிச்சு நெளிச்சு உட்கார வைங்க, காத்து வெளிய போகும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய நாற்பது வருடத் தொழில் இருந்தது. முதல் டைல்ஸை ஒட்டியதும் உடனே கழற்றி முதுகைப் பார்த்தார்கள். ஒரு மூலையில் பசை படவில்லை. அடுத்ததிலிருந்து டைல்ஸின் பின்னாலும் மெல்லியதாகப் பசை தடவினார்கள். டைல்ஸுக்கு டைல்ஸ் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டார்கள். நான்காவது வாரம் அந்த இடைவெளிகளை எபாக்சி கொண்டு நிரப்பினார்கள். வெள்ளை சிமெண்டைப் போல அதில் மஞ்சள் கறை ஏறாது.

ஒரு டைல்ஸ் வெட்டும்போது உடைந்தது. மீதி 4. "கொத்தனார் செய்ய வேண்டிய வேலையை நீங்க ஏண்டா செய்யறீங்க" என்று முதல் நாள் கேட்ட அந்த வீட்டு அம்மா, இப்போது வருகிறவர்களையெல்லாம் நேராகச் சமையலறைக்குத்தான் அழைத்துப் போகிறார். அந்த வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள், இருவரும் சமைக்கிறார்கள். சுவரிலும் இருவர் கையும் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

எல்லோரும் உளி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் முழங்காலுக்கு அது ஆகாது. தரை டைல்ஸை, குறிப்பாகக் குளியலறைத் தரையை, யாரும் தாங்களாக உடைக்கவே கூடாது. அதன் அடியில் இருக்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போனால் கீழ் வீட்டுக் கூரை ஒழுகும். ஆனால் இந்த மூன்றையும் எல்லோரும் செய்யலாம்.

முதலாவது, இந்த ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு மேலுள்ள டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்கும் இடங்களைக் குறித்து வையுங்கள். கொதிக்கும் குழம்பின் மேல் டைல்ஸ் விழுந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இது நல்லது.

இரண்டாவது, கொத்தனாரை வைத்துச் செய்தாலும், எந்த டைல்ஸுக்கு எந்த ஒட்டு முறை என்று கேளுங்கள். பசைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கச் சொல்லாதீர்கள். உருண்டை வைக்காமல் முதுகு முழுவதும் பரப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எழுதி வையுங்கள். நம் சுவர்களுக்குள் கம்பி எங்கே, பைப் எங்கே என்பதற்கு பில்டர் வரைபடம் எதுவும் தரவில்லை. வங்கியில் எந்தப் பதிவுக்கும் தேதியும் விவரமும் இல்லாமல் நாங்கள் பேனாவை மூட மாட்டோம். அந்தத் தம்பதி தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய தேதி, டைல்ஸின் பெயர், தொகுப்பு எண், பசையின் வகை, கம்பியும் பைப்பும் போகும் வழி, மீதி 4 டைல்ஸ் பரணில் இருக்கும் இடம். இருபது வருடம் கழித்து அந்தச் சுவரை உடைக்கப்போகிறவருக்கு, அடியில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

சங்கம் ஒரு ரசமட்டம், ஒரு பல் கரணை, ஒரு கையால் வெட்டும் டைல் கட்டர் வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம் என்பது என் கோரிக்கை. பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுத்துப் போய்த் திருப்பித் தரலாம். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள நான் தயார்.